நாலு மூலை மஞ்சள்

பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டேவிட்டார், பையனுக்கா பொண்ணுக்கா என்று. இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள் எல்லாரும் பிள்ளைகளுக்காகத்தான் வந்திருக்கிறார்கள். டிகிரி சர்டிபிகேட், பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள், உறை மடியில், உறையின் மேல் கை. வெளிநாட்டில் செல்லுபடியாக வேண்டிய காகிதத்துக்கு முதலில் இங்கே அரசாங்க முத்திரை விழ வேண்டும், அதற்குத்தான் இத்தனை பேரும் டோக்கனை வாங்கிக்கொண்டு சுவரில் மாறுகிற சிவப்பு எண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறோம். பையனுக்கு என்றேன். எங்கே இருக்கிறான் தம்பி என்றார். அவருக்கென்ன, பொழுது போக வேண்டும். ஜெயங்கொண்டத்துக்குக் கிழக்கே ஓடைக்கரையில் இருக்கிறான், அவன் அப்பாவுக்குப் பக்கத்தில் என்று சொல்லியிருந்தால் மனுஷர் டோக்கனைப் போட்டுவிட்டு ஓடியிருப்பார். வளைகுடாவில் என்றேன். "அப்ப உங்களுக்கு ஒரு கவலையும் இல்ல" என்றார். ஒருவகையில் சரிதான். சாப்பிட்டானா, காய்ச்சல் விட்டதா, துணியைத் துவைத்தானா, அழுக்கோடு மாட்டிக்கொண்டு போனானா, இனிமேல் எந்தக் கவலையும் இல்லை. என் மடியில் இருக்கிற உறைக்குள் இருப்பது சர்டிபிகேட் இல்லை. மன்னிப்பு. என் மகன் சுதாகரைக் கத்தியால் குத்திக் கொன்ற பால்பாண்டி என்பவனை மன்னிக்கிறேன் என்று தனபாக்கியமாகிய நான் எழுதிக் கொடுத்த பத்திரம். அந்த நாட்டுச் சட்டப்படி செத்தவனுடைய வாரிசு மன்னித்துவிட்டால் கொன்றவனுக்குத் தலை தப்பும், சிறையோடு போகும். சுதாகருக்குக் கல்யாணம் ஆகவில்லை, அவன் அப்பாவும் இல்லை, வாரிசு என்று சொல்ல நான் ஒருத்திதான். பிள்ளைக்கு நான் வாரிசு. இந்த வார்த்தையைத் தாலுகா ஆபீஸில் எழுதிக் கொடுத்த அன்றைக்கே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அடுத்த வாரம் அங்கே கோர்ட்டில் கடைசி விசாரணை. அதற்குள் காகிதம் போய்ச் சேர வேண்டும், சேர்ந்தால் ஒருத்தன் இருப்பான், சேராவிட்டால் இல்லை, அவ்வளவுதான் கணக்கு.

தலைக்கு நேர் மேலே ஏசி. குளிர் பிடரியில் இறங்கி முதுகெலும்போடு போகிறது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். யாரோ ஒருவர் ஏசியைக் குறைக்கச் சொல்கிறார், இன்னொருவர் இருக்கட்டும் சார், வெளியே வெயில் கொளுத்துகிறது என்கிறார். இரண்டு பேரும் சிரித்துக்கொள்கிறார்கள். பாருங்கள், சிரித்துக்கொள்கிறார்கள். இதுதான், இதே பேச்சுத்தான், இதைச் சிரித்துக்கொண்டு பேசியிருக்கலாம். சுதாகருக்கு அன்றைக்குக் காய்ச்சல். ஏசியை நிறுத்து என்றிருக்கிறான். பால்பாண்டி அடுப்படியிலிருந்து வேர்த்து விறுவிறுத்து வந்தவன், போடு என்றிருக்கிறான். அறையில் இருந்த மூன்றாவது பையன்தான் போனில் சொன்னான், வாய்த் தகராறுதான்ம்மா, ரெண்டு பேரும் பேசுனாங்க என்று. என்ன பேசினார்கள் என்று கேட்டேன். அவன் சொல்லவில்லை. அவன் சொல்லாமல் விட்டது எதுவோ அது என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. சுதாகருக்கு என் வாய். என் கோபம் அப்படியே அவனுக்கு வந்திருந்தது, நின்ற இடத்தில் ஒரு சொல் சொன்னான் என்றால் கேட்டவன் ராத்திரி தூங்க முடியாது. அந்தப் பையனுடைய அம்மாவை இழுத்து ஏதாவது சொன்னானா? சொல்லியிருந்தால்தான் என்ன, சொல்லுக்குக் கத்தியா? கத்தி எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். அறையில் ஆளுக்கொரு நாள் சமையல் முறை. அன்றைக்கு முறை சுதாகருடையது. காய்ச்சலென்று அவன் படுத்துவிட்டதால் அவன் முறையைப் பால்பாண்டி எடுத்துக்கொண்டு வெங்காயம் நறுக்கியிருக்கிறான். என் மகனுக்காக நறுக்கிய வெங்காயம். அந்தக் கத்தி. இதைக் கேட்ட நாளிலிருந்து நான் வெங்காயத்தைத் தொடுவதில்லை, நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் சமையலம்மா நறுக்கும்போதுகூட எழுந்து வெளியே போய்விடுகிறேன். என் பிள்ளைக்கு உதவி செய்ய வந்தவன் என்றால் நல்லவன்தானே, நல்லவனாக இருந்தவன் எந்த நொடியில் அப்படி ஆனான், அந்த நொடியில் என் பிள்ளை என்ன சொன்னான். இந்த இடத்துக்கு வந்ததும் மனசு மறுபடியும் ஏசிக்குப் போய்விடுகிறது. போர்த்திக்கொண்டிருந்தால் போதுமே கண்ணு, பெட்டியில் அந்தப் பச்சைப் போர்வையை நானே மடித்து வைத்தேனே, எடுத்துப் போர்த்தினால் என்ன.

தூணோரமாக அவள் உட்கார்ந்திருக்கிறாள். பால்பாண்டியின் பெண்டாட்டி. கமுதிப் பக்கத்திலிருந்து வந்தவள். நேற்று ராத்திரி ஊர் பஸ் ஸ்டாண்டில் என்னோடு சேர்ந்துகொண்டதிலிருந்து நான்கு நாற்காலி தள்ளித்தான் உட்காருகிறாள், கிட்டே வந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன் என்று தெரியும். உறையை மட்டும் பஸ்ஸில் ராத்திரி பூரா அவள்தான் தன்னோடு வைத்திருந்தாள், நான்தான் கொடுத்தேன், அந்தக் காகிதம் என் பக்கத்தில் இருந்தால் எனக்குக் கண் மூட வராது. காலையில் இங்கே வாசலில் இரண்டு கையாலும் நீட்டினாள், கோயிலில் தட்டை நீட்டுவது மாதிரி. நான் அவளை இந்தா என்பேன், உன்னைத்தான் என்பேன். பெயர் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. இவள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த அன்றைக்கு நான் கதவைச் சாத்திவிட்டேன். போகவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். மறுநாளும் உட்கார்ந்திருந்தாள். தெரு கூடிவிட்டது. என் தம்பி ரவிச்சந்திரன் வக்கீலையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். "அக்கா, போனது திரும்பாது, இன்னொரு குடும்பத்தையும் எதுக்கு மண்ணாக்கணும், கையெழுத்தப் போட்டுக் குடுத்துடுக்கா" என்றான். பெற்றவள் நான், மண்ணானது என் வீடு, பெருந்தன்மை அவனுக்கு. எதிர்வீட்டுக்காரி டம்ளரில் காப்பியோடு வந்து நின்றாள். பணம் ஏதாவது தரச் சொல்லலாமே என்று ஒருத்தர் ஆரம்பித்தார், அவரை நான் பார்த்த பார்வையில் செருப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டார். கடைசியில் கையெழுத்துப் போட்டேன். ஏன் போட்டேன் என்று எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. எல்லாரும் எழுந்து போகட்டும் என்று போட்டேன். வீடு காலியாகட்டும், கதவைச் சாத்திக்கொண்டு படுக்க வேண்டும், அதற்காகப் போட்ட கையெழுத்து. சத்துணவு அமைப்பாளராக இத்தனை வருஷம் அரிசிக்கும் பருப்புக்கும் பதிவேட்டில் போட்டுப் போட்டுப் பழகிய கை. அழுகின முட்டைக்கும் நல்ல முட்டைக்கும் ஒரே கையெழுத்துதான், பேனா ஒன்றும் நின்று யோசிப்பதில்லை. அன்றைக்கும் யோசிக்கவில்லை.

வக்கீல் அதற்கப்புறம் எனக்கு விளக்கினார், ஊரில் நோட்டரி முத்திரை, சென்னையில் மாநில அரசு முத்திரை, அதற்குமேல் மத்திய அரசு, கடைசியில் அந்த நாட்டுத் தூதரகம். "ஒவ்வொரு முத்திரையும் அதுக்கு முந்தின முத்திரை நிஜம்னு மட்டும்தான் சொல்லும்மா. உள்ள என்ன எழுதியிருக்குங்கிறதுக்கு யாரும் பொறுப்பு கிடையாது." அப்படியானால் நான் மன்னித்தேனா இல்லையா என்று யார் பார்ப்பார்கள் என்று கேட்க நினைத்தேன். முத்திரைக்கு மேல் முத்திரை விழ விழ அது நிஜமாகிவிடும் போலிருக்கிறது. கடைசி முத்திரை விழும்போது அந்த ஊர் ஜட்ஜுக்கு அது முழு உண்மை, எனக்கு மட்டும் பொய். பயமாகத்தான் இருந்தது. ராத்திரியில் படுத்தால் சுதாகர் வந்து, உன்னைக் கேட்டு ஒரு காகிதம் வந்ததாமே, என்னம்மா போட்டே என்று கேட்பானோ என்று பயம். இதுவரை வரவில்லை. வராததும் கோபத்தினால்தானோ என்று அதற்கும் ஒரு பயம்.

டோக்கன் எண் விழுந்துவிட்டது. எழுந்தபோது கால் மரத்திருந்தது. கவுண்ட்டரில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், என் வயசுதான் இருக்கும், உறையிலிருந்து காகிதத்தை உருவி மேசைமேல் வைத்தார், புரட்டினார், நின்றுவிட்டார். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "என்னம்மா இது, மஞ்சளா?" எனக்குப் புரியவில்லை. காகிதத்தை என் பக்கம் திருப்பினார். நான்கு மூலையிலும் மஞ்சள். விரலால் தொட்டு வைத்தது, ஒவ்வொரு மூலையிலும் ஒரு பொட்டு, அதற்குமேல் சின்னதாகக் குங்குமம். கீழே வலது மூலையில் ஈரம் பரவி நோட்டரியின் ரப்பர் முத்திரை மேலேயே ஏறியிருந்தது. "கல்யாணப் பத்திரிகையாம்மா இது? முத்திரை மேல கறை இருந்தா தூதரகத்துல திருப்பிடுவாங்க. நான் முத்திரை வச்சு அனுப்பினாலும் அங்க நிக்கும்." குரலில் கடுமை இல்லை. உள்ளே படித்திருப்பார் போலும், சட்டென்று குரலைத் தணித்துக்கொண்டார். "எதிர்ல நோட்டரி இருக்காங்க. புதுசா டைப் பண்ணி, புதுசா கையெழுத்துப் போட்டு எடுத்துட்டு வாங்க. சாப்பாட்டுக்குக் கவுண்ட்டர் மூடுறதுக்குள்ள வந்தா இன்னைக்கே முடிச்சுத் தரேன்." நான் திரும்பிப் பார்த்தேன். தூணோரம் அவள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். என் முகத்திலேயே என்னவென்று தெரிந்திருக்க வேண்டும், வாயைப் பொத்திக்கொண்டாள். "நாந்தாம்மா வச்சேன்" என்றாள். "கருக்கல்ல எறங்கினதும் பஸ் ஸ்டாண்டுப் பிள்ளையார்கிட்ட வச்சுக் கும்பிட்டேன். நல்ல காகிதத்துக்கு நாலு மூலையிலயும் வைக்கிறது வழக்கந்தான… எனக்கு வேற ஒண்ணும் தெரியலம்மா."

நல்ல காகிதம். தெருவில் இறங்கியபோது வெயில் கண்ணைக் குத்தியது, காதுக்குள் அந்த இரண்டு சொல்லும் அடித்துக்கொண்டே வந்தன. என் மகன் செத்துப்போன காகிதம் இவளுக்கு நல்ல காகிதம். சாவுப் பத்திரத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து மங்களமாக்கியிருக்கிறாள். பளாரென்று ஒன்று விட்டிருப்பேன், கவுண்ட்டர் அம்மாள் பார்த்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டேன். பின்னாலேயே வருகிறாள், செருப்புச் சத்தம் கேட்கிறது, நான் நின்றால் நிற்கிறது. ஒரு லாரி போனது, கரும்புச்சாறு வண்டியின் மணி கேட்டது, எனக்கு அப்போதுதான் உறைத்தது. பழைய கையெழுத்து செத்துவிட்டது. அதை நான் கிழிக்கவில்லை, திரும்ப வாங்கவில்லை, யாரிடமும் மாட்டேன் என்று சொல்லவில்லை, அவள் கையாலேயே அவள் அதைச் செல்லாமல் பண்ணிவிட்டாள். இனி நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கோயம்பேட்டுக்கு பஸ் ஏறினால் போதும். தம்பி கேட்டால் காகிதத்தில் கறை பட்டுவிட்டது, நேரமாகிவிட்டது என்று சொல்லலாம், அதில் ஒரு பொய்கூட இல்லை. சும்மா இருந்தால் போதும். அடுத்த வாரம் எங்கோ ஒரு நாட்டில் ஒருத்தன் காரியம் முடிந்துவிடும், யாரும் என்னைக் கொலைகாரி என்று சொல்ல மாட்டார்கள். சந்தோஷமாகக்கூட இருந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால் அந்த வெயிலில் நின்று நான் சந்தோஷப்பட்டேன், சுதாகர் போனபிறகு முதல்தடவையாக உடம்பு லேசானது. பஸ் நிறுத்தம் இடப்பக்கம். நோட்டரி பெயர்ப்பலகை எதிரே மாடியில். அவள் என்னைக் கடந்து முன்னால் வரவில்லை, அம்மா என்று கூப்பிடவும் இல்லை. கூப்பிட்டிருந்தால் பஸ் ஏறியிருப்பேன். பச்சை விழுந்து எல்லாரும் கடந்தார்கள், நானும் அவர்களோடு கடந்துவிட்டேன், கடந்தபிறகு பார்த்தால் மாடிப்படி முன்னால் நிற்கிறேன்.

குறுகலான அறை. ஒரு பெண் பழைய காகிதத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிறாள், நோட்டரி வக்கீலம்மா பக்கத்து மேசையில் டிபன் டப்பாவைத் திறக்காமல் காத்திருக்கிறார். தப்பு வந்துவிடக்கூடாதென்று அந்தப் பெண் வாய்விட்டுப் படித்துக்கொண்டே அடிக்கிறாள். இறந்துபோன என் ஒரே மகன் சுதாகர் என்பவரை. அடிக்கிறாள். கொலை செய்ததாகத் தீர்ப்பளிக்கப்பட்ட பால்பாண்டி என்பவரை. அடிக்கிறாள். யாருடைய நிர்ப்பந்தமும் தூண்டுதலும் இல்லாமல் மனமுவந்து மன்னிக்கிறேன். அன்றைக்கு வீட்டில் இதை யாரோ படித்தார்கள், ஆனால் என் காதில் ஏறவில்லை. "அந்த மனமுவந்துங்கிறத எடுத்துட முடியுமாம்மா?" என்று கேட்டேன். வக்கீலம்மா என்னைப் பார்த்தார். "எடுத்தா அங்க ஏத்துக்க மாட்டாங்கம்மா. யாரோ மிரட்டி வாங்கினதுன்னு ஆயிடும்." மனமுவந்து. எந்த மனசை எங்கே போய் உவக்க வைப்பது. பழைய காகிதம் மேசை ஓரத்தில் கிடந்தது, மின்விசிறிக் காற்றில் ஒரு மூலை தூக்கித் தூக்கி விழுந்தது, மஞ்சள் மூலை. கை வைத்து அழுத்தினேன். விரலில் ஒட்டியது. இன்னும் காயவில்லை. இந்த வாசனை, இந்தப் பிசுபிசுப்பு, இதே விரல். விசா வந்த அன்றைக்கு சுதாகர் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓடிவந்தான், அம்மா விசா வந்துடுச்சு, விசா வந்துடுச்சு என்று. நான் சாமி மாடத்தில் வைத்து, மஞ்சளைக் குழைத்து, நாலு மூலையிலும் வைத்தேன். "ஐயோ அம்மா, அதிகாரி பாப்பாங்க, அழுக்காக்காத" என்று கத்தினான். நல்ல காகிதத்துக்கு வைக்கணும்டா, சும்மா இரு என்றேன். இதே வார்த்தை. என் வாயால். விமான நிலையத்தில் யாரும் கேட்கவில்லை. மஞ்சள் பட்ட காகிதம், செல்லாது, திரும்பிப் போ என்று ஒரே ஒருத்தர், ஒரே ஒரு புண்ணியவான், அன்றைக்கு என் பிள்ளையைத் திருப்பி அனுப்பியிருக்கக்கூடாதா. எல்லாரும் முத்திரை குத்தி உள்ளே விட்டார்கள்.

டைப் அடித்த காகிதம் வந்துவிட்டது, சூடாக, வெள்ளையாக, நாலு மூலையும் சுத்தமாக. வக்கீலம்மா பேனாவை நீட்டினார். "சொந்த விருப்பத்துலதானே போடுறீங்க? நான் கேட்டே ஆகணும்மா." அறை வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள், எங்கே மறுபடியும் பட்டுவிடுமோ என்று. என் கையைப் பார்த்தாள், பேனாவைப் பார்த்தாள். இவள் பார்க்கப் போடமாட்டேன் என்று எனக்குத் தோன்றியது. தெரு பார்க்க ஒருதடவை போட்டாயிற்று. "நீ வெளிய போ" என்றேன். அவள் முகம் அப்படியே விழுந்தது. திரும்பிப் படியில் இறங்கிவிட்டாள். மாட்டேன் என்று சொல்லப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டாள், நினைக்கட்டும். இப்போது யாரும் இல்லை. தம்பி இல்லை, காப்பி டம்ளர் இல்லை, அழுகை இல்லை. சுதாகரு, நீ சொல்லு. அன்றைக்கு உனக்குக் காய்ச்சல் வராமல் இருந்திருந்தால் வெங்காயம் நறுக்கியிருக்க வேண்டியவன் நீதான். உன் முறை. கத்தி உன் கையில் இருந்திருக்கும், உன் கோபம் எனக்குத் தெரியும், அப்போது யார் வீட்டு வாசலில் போய் நான் தெருக்குழாய்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்? கமுதியில் உட்கார்ந்திருப்பேன். இவள் கையெழுத்துப் போட்ட காகிதத்துக்கு நான் மஞ்சள் வைத்திருப்பேன், வைக்காமல் இருந்திருப்பேனா, என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா. அவனை என்னால் மன்னிக்க முடியவில்லை, கண்ணு. நாளைக்கும் முடியாது. ஆனால் உன் முறையை அவன் எடுத்துக்கொண்டான், அதை மட்டும் நான் இல்லையென்று சொல்ல முடியாது. "ஆமாம்மா, சொந்த விருப்பந்தான்" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு, பதிவேட்டில் போடுகிற கிறுக்கலாக இல்லாமல், பள்ளிக்கூடத்தில் முதல்முதலாகப் பெயர் எழுதியதுபோல ஒவ்வோர் எழுத்தாக தனபாக்கியம் என்று எழுதினேன். நேரம் பிடித்தது. வக்கீலம்மா அவசரப்படுத்தவில்லை.

படியிறங்கி வந்தபோது அவள் கடைசிப் படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். என் காலடி கேட்டும் திரும்பவில்லை. எதிரே அலுவலகத்துக் காவலாளி சாப்பாட்டு நேரம் நெருங்குகிறதென்று வாசல் கதவில் ஒன்றை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தான். "காளீஸ்வரி" என்று கூப்பிட்டேன். முதல்தடவையாக அவள் பெயர் என் வாயில் வந்தது. திரும்பினாள். "கையைத் துடைச்சுட்டு வந்து இதப் பிடி. என்னால ஓட முடியாது, நீ முன்னால ஓடு."